சன்னி எஞ்சின் போட்ட மொறிஸ் மைனர் எப்படி நிற்கும்? பழைய கார்களின் எஞ்சின், கியர்பொக்ஸ், பிறேக் மாற்றங்கள்: ஒரு விளக்கம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் புதுக் கார் சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது. அதனால் கொட்டிலுக்குள் தறப்பாள் மூடிக் கிடக்கும் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் திரும்ப வீதியில் இறக்கலாமே என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் புதிதாக உயிர்பெற்றிருக்கிறது.

இறக்கலாம், அதில் தடையில்லை. குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒருவர் டட்சன் சன்னி காரின் எஞ்சினைப் போடச் சொல்கிறார். இன்னொருவர் ஐந்து கியர் பொக்ஸ் வேண்டும் என்கிறார். மூன்றாமவர் முன்னுக்கு டிஸ்க் பிறேக் போட்டால் எல்லாம் சரி என்கிறார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எது முதல், எது பிறகு, ஒன்றை மாற்றினால் அடுத்தது என்ன ஆகும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒழுங்கைப் பற்றியது.

இந்தக் கார்கள் இங்கே எப்படித் தப்பின

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் வடக்குக்கு வரவில்லை. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அந்த வித்தை பழைய ஆங்கிலேயக் கார்களில் நன்றாகப் பலித்ததற்குக் காரணம் உண்டு. 1950களின் எஞ்சின்கள் தரம் குறைந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு, குறைவு. மொறிஸ் மைனரின் 803 சிசி எஞ்சினில் அது ஏறத்தாழ 7.2 தான். இன்றைய கார் எஞ்சின்களில் பெரும்பாலும் 10 ஐத் தாண்டும். அமுக்கம் குறைந்தால் மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளையும் ‘டொக் டொக்’ என்று தட்டாமல் எரிக்க முடியும்.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீர்போல இளகும், சிலிண்டர் சுவர் தேயும். ஆகவே அந்த ஆண்டுகளைக் கடந்துவந்த ஒரு காரில் இன்று இழுவை இல்லையென்றால், அது எஞ்சினின் இயல்பான பலவீனமா, மண்ணெண்ணெய் தின்ற தேய்மானமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

பேசப்போகும் உறுப்புகள்

எஞ்சின் உண்டாக்கும் முறுக்கு விசை பின் சில்லுக்குப் போய்ச் சேரும் வழி இது:

1. எஞ்சின்: முறுக்கு விசை பிறக்கும் இடம்.
2. கிளச்: எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தும் பிரித்தும் விடுவது.
3. கியர்பொக்ஸ்: வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்குவது.
4. புறொப்பலர் ஷாப்ற்: காரின் அடியில் நீளமாக ஓடும் குழாய்த்தண்டு. இரண்டு அந்தத்திலும் யுனிவர்சல் ஜொயின்ற் இருக்கும்.
5. டிபரன்சல்: பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரிவது. விசையை இடமும் வலமும் பிரிப்பதோடு, தானும் ஒருமுறை வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும். அந்தக் குறைப்பின் அளவுதான் டிபரன்சல் விகிதம்.
6. அக்சில் ஷாப்ற்: டிபரன்சலிலிருந்து ஒவ்வொரு பின் சில்லுக்கும் போகும் தண்டு.

ஏழாவதாகப் பிறேக்கையும் இதே வரிசையில் வைத்துத்தான் நான் பார்ப்பேன். மேலே உள்ள ஆறும் சேர்ந்து காருக்குக் கொடுக்கும் வேகத்தைத் திரும்ப வாங்க வேண்டியது அதுதான்.

உண்மையில் எவ்வளவு வேகம் தேவை?

இலங்கையில் காருக்கான வேக வரம்பு நகர்ப்பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70. அதிவேக நெடுஞ்சாலையில் மட்டும் 100. குடாநாட்டில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. மலையும் இல்லை. பலாலி வீதியிலோ பருத்தித்துறை வீதியிலோ ஏற்றம் என்று சொல்ல ஏதும் கிடையாது. கண்டி வீதியில் தெற்கே போனாலும் வவுனியா கடக்கும்வரை பெரும்பாலும் தட்டைதான்.

இதை மனதில் வைத்து மைனரின் மூன்று எஞ்சின்களைப் பாருங்கள். 1952 முதல் வந்த 803 சிசி எஞ்சினுக்கு 30 குதிரைவலு. 1956 இல் வந்த 948 சிசிக்கு 37. 1962 இல் வந்த 1098 சிசிக்கு 48. டிபரன்சல் விகிதம் முறையே 5.3 அளவு, 4.55, 4.22. இவற்றோடு 14 அங்குலச் சில்லைச் சேர்த்துக் கணக்கிட்டால், கடைசிக் கியரில் 70 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் அளவு ஏறத்தாழ இப்படி வரும்: 803 இல் 3,350, 948 இல் 2,900, 1098 இல் 2,700.

அதாவது நல்ல நிலையில் இருக்கும் 948 எஞ்சினுக்கு 70 கிலோமீற்றர் ஒரு சுமையே இல்லை. 803 மட்டும்தான் அந்த வேகத்தில் கொஞ்சம் அலறும். அதற்கும் முதல் மருந்து எஞ்சின் மாற்றமல்ல, 4.55 டிபரன்சல். ஒரே குடும்பத்துப் பொருள் என்பதால் பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் பொருந்தும். 803 இன் இழுவைக்கு அது கொஞ்சம் பாரம்தான், ஆனால் தட்டை நிலத்தில் அதைத் தாங்கலாம்.

எஞ்சினை மாற்ற முடிவெடுப்பதற்கு முன் அமுக்கச் சோதனை செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, அளவுமானியை வைத்து, நான்கு சிலிண்டரையும் தனித்தனியே பார்ப்பது. நான்கும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் வளையமும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. முதலாவதற்குச் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (‘போர்’ பண்ணி) அளவு கூடிய பிஸ்ரன் போட வேண்டும். இரண்டாவதற்கு வால்வு இருக்கையைக் கவனிக்க வேண்டும். வால்வு இருக்கையைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் இங்கே நின்றதால், பழைய இரும்பு ஹெட்டுகளில் கடினமான இருக்கை பதித்துவிடுவது நல்லது. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தபிறகு ‘இந்த எஞ்சின் போதாது’ என்று சொல்பவர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொரு சோதனை வெறும் கண்ணால் செய்வது. ரேடியேற்றர் மூடியைத் திறந்து குழாய்களின் வாயைப் பாருங்கள். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றர் குழாயிலும் படியும். பல ஆண்டு கிணற்றுத் தண்ணீர் குடித்த எஞ்சின் சூடேறுவதற்கு அந்த வெள்ளைப் படிவே பெரும்பாலும் காரணம். எஞ்சினை மாற்றி ரேடியேற்றரை மாற்றாமல் விட்டால் புது எஞ்சினும் அப்படியே கொதிக்கும்.

சன்னி எஞ்சின்: ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

டட்சன் சன்னியின் A வரிசை எஞ்சின்கள்தான் இந்த வேலைக்கு அதிகம் பேசப்படுபவை. A12 என்றால் 1171 சிசி, A14 என்றால் 1397, A15 என்றால் 1488. சிறியவை, பாரம் குறைந்தவை. இலங்கையில் சன்னி B310 நிறைய ஓடியதால் உதிரிப்பாகமும் வேலை தெரிந்த கையும் கிடைக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய உறவும் உண்டு. 1952 இல் நிசான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, A40 சொமர்செற் காரையும் பிறகு A50 கேம்பிரிட்ஜையும் ஜப்பானில் தயாரித்தது. நிசான் பொறியியலாளர்கள் எஞ்சின் கட்டும் கலையில் கணிசமானதை ஒஸ்ரினிடம்தான் கற்றார்கள். அதனால் சன்னி எஞ்சினைத் திறக்கும் பழைய ஒஸ்ரின் மெக்கானிக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. தள்ளுதண்டு, ராக்கர், எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும். ஆனாலும் இரண்டும் வேறு எஞ்சின்கள். ஒன்றின் பாகம் மற்றதில் ஏறாது.

சன்னி எஞ்சினை அதனுடைய கியர்பொக்ஸோடு சேர்த்து இறக்குவதே நல்ல வழி. மொறிஸ் கியர்பொக்ஸை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் இணைப்புத் தகடு கடைய வேண்டும். அது மிகத் துல்லியமான வேலை. நடுக்கோடு கொஞ்சம் விலகினாலும் கியர்பொக்ஸின் முன் பெயாரிங்கும் கிளச்சும் தின்றுபோகும். தவிர, மைனரின் கியர்பொக்ஸில் முதல் கியருக்கு சிங்றொமெஷ் (கியர் விழும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) இல்லை, கார் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் கரகரக்கும். அந்த இழவையும் தீர்க்கத்தான் பலர் சன்னி கியர்பொக்ஸை விரும்புகிறார்கள்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. மைனருக்குத் தனிச் சஸி இல்லை. உடலே சஸி. முன் ஆசனத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் பற்றவைத்த பட்டையில்தான் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகள் இரண்டும் பூட்டப்பட்டிருக்கின்றன. கியர்பொக்ஸ் நீளமாக இருக்கிறது என்று அந்தப் பட்டையை வெட்டும் கராஜ் இருந்தால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காரின் முன்பக்கத்தைத் தாங்குவதே அந்தப் பட்டைதான்.
2. புறொப்பலர் ஷாப்ற்றை அளவுக்கு வெட்டிப் பற்றவைத்த பிறகு சமன்பார்க்க வேண்டும். இரண்டு அந்தத்து ஜொயின்ற்களின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கியர்பொக்ஸின் சரிவும் டிபரன்சல் மூக்கின் சரிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 50 தாண்டியதும் தரை நடுங்கும்.
3. 1950களின் ஆங்கிலேயக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு சேரும். ஜப்பான் எஞ்சினோடு வரும், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்ரனேற்றருக்கு எதிர்முனை சேர வேண்டும். மறந்து மாறிக் கொடுத்தால் ஒல்ரனேற்றர் அந்த நொடியே போகும்.

ஒஸ்ரின் சொமர்செற்றுக்குத் தனிச் சஸி இருப்பதால் தாங்கிகளைப் பற்றவைப்பது எளிது. ஒஸ்ரின் A30 மைனரைப் போல உடலே சஸியான கார், அதைவிடச் சிறியது. அதில் கை வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். காரணத்தைப் பிறேக் பகுதியில் சொல்கிறேன்.

கூடிய விசை எங்கே போகும்?

948 சிசி எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 68 நியூட்டன்மீற்றர். A12 இல் அது சுமார் 95. முதல் கியர் விகிதம் இரண்டிலும் 3.6 என்றும், டிபரன்சல் அதே 4.55 என்றும் வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு வந்து சேருவது:

68 × 3.6 × 4.55 = 1,114 நியூட்டன்மீற்றர்

95 × 3.6 × 4.55 = 1,556 நியூட்டன்மீற்றர்

ஐந்தில் இரண்டு பங்கு அதிகம். A15 போட்டால் இன்னும் கூடும். இந்த அளவை 60 ஆண்டு பழைய அக்சில் ஷாப்ற் தாங்க வேண்டும். அது முறியும் நேரமும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: சிக்னலில் நின்று கிளச்சைச் சட்டென்று விடும்போது, அல்லது மணலில் புதைந்த சில்லு திடீரென்று கெட்டி நிலத்தைப் பிடிக்கும்போது. ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு எஞ்சின் ஓடும், கியர் விழும், கார் நகராது.

ஆகவே எஞ்சினை மாற்றுபவர் பின் அச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிபரன்சல் விகிதத்தை 4.55 இலிருந்து 4.22 க்கு இறக்கினால் முறுக்கும் கொஞ்சம் குறையும், எஞ்சினும் அமைதியாகச் சுற்றும். அல்லது வேறொரு காரின் பின் அச்சையே முழுதாக எடுத்து அகலம் சரிபார்த்துப் போடலாம். அப்படிப் போட்டால் பின் பிறேக்கும் கைப் பிறேக்கும் வேறாகிவிடும்.

பிறேக்: வேகம் ஒன்றரை மடங்கானால் வேலை இரண்டேகால் மடங்கு

ஓடும் காருக்குள் இருக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆட்களோடு 1,000 கிலோ வரும் மைனரை எடுங்கள். 60 கிலோமீற்றரில் அதற்குள் இருக்கும் சக்தி சுமார் 139 கிலோயூல். 90 இல் 312. வேகம் கூடியது பாதிதான், பிறேக் வெப்பமாக மாற்ற வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகிவிட்டது. 948 சிசி மைனரின் நான்கு சில்லிலும் இருப்பவை 7 அங்குல ட்ரம்கள், அதாவது சில்லோடு சுழலும் சட்டிகள். அவை 37 குதிரைவலுவுக்காகச் செய்யப்பட்டவை.

மொறிஸ் நிறுவனமே இதை உணர்ந்திருந்தது. 1962 இல் 1098 எஞ்சினைப் போட்டபோது முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கினார்கள். 11 குதிரைவலு கூட்டியதற்கே அவர்கள் பிறேக்கைப் பெரிதாக்கினார்கள் என்றால், இரண்டு மடங்காக்க நினைப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு.

*முதலில் இருப்பதைச் சரியாக்குங்கள்*

ட்ரம்மின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டைதான் ஷூ, அதன்மேல் ஒட்டிய உரசும் பட்டை லைனிங். மைனரின் முன் ட்ரம்மில் இரண்டு ஷூவும் முன்னேறும் ஷூக்கள். சுழலும் ட்ரம் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கால் பலத்தைப் பெருக்கும் பூஸ்ரர் இல்லாமலே கார் நிற்பது இதனால்தான். ஆனால் இந்த உதவி கிடைக்க ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சீராக்கிகள், பின் சில்லில் ஒவ்வொன்று. சில்லு மூடியைக் கழற்றி, ட்ரம்மில் உள்ள துளையைச் சீராக்கிக்கு நேரே கொண்டுவந்து, ஸ்குறூட்றைவரால் திருப்ப வேண்டும். சில்லு பிடிக்கும்வரை இறுக்கி, பிடி விடும்வரை பின்னுக்கு எடுப்பது. முன்னுக்கு ஒன்றைத் திருப்பி மற்றதை விட்டுவிட்டால் கார் பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். ‘ட்ரம் பிறேக் சரிவராது’ என்று கைவிடப்பட்ட எத்தனையோ கார்களில் குறை இந்த ஆறு திருகுகளில்தான் இருந்திருக்கும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துத் துடையுங்கள்.

அடுத்தது கராஜ்களில் சாதாரணமாக நடக்கும் ஒரு தவறு. பிறேக் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவுவது. எஞ்சின் பாகத்தைக் கழுவும் தட்டிலேயே இதையும் போட்டுவிடுவார்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிறேக் சிலிண்டருக்குள் ஒயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் மண்ணெண்ணெயையும் எஞ்சின் ஒயிலையும் உறிஞ்சி உப்பும். விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும், விளிம்பு தடித்துப்போயிருக்கும். பெடலை மிதித்ததும் ஒயிலை எல்லாச் சில்லுக்கும் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரில் ஒயில் திரும்பிவரும் ஊசித்துளை ஒன்று உண்டு. உப்பிய கப் அதை மூடிவிடும். கால் எடுத்த பிறகும் அழுத்தம் இறங்காது. நான்கு சில்லும் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். சிலிண்டரையும் கப்பையும் பிறேக் ஒயிலாலோ சுத்தமான ஸ்பிரிட்டாலோதான் கழுவ வேண்டும்.

பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம்மூர்க் கடற்காற்றில் அதற்குக் குறைவில்லை. டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அது 155 அளவுக்கு இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்புக் குழாயையும் அப்போதே மாற்றுங்கள். ஆனால் குளிரூட்டிக்குப் போடும் வெறும் செப்புக் குழாயைப் போட வேண்டாம், அது நடுக்கத்தில் இறுகி வெடிக்கும். பிறேக்குக்கென்று வரும் இரும்பு அல்லது செம்பு–நிக்கல் குழாய்தான் சரி.

*இரட்டை வழி மாஸ்ரர் சிலிண்டர்*

எதற்கு முதலில் காசு செலவழிப்பது என்று கேட்டால் என் பதில் இதுதான், டிஸ்க் அல்ல. இந்தக் கார்களில் ஒரே ஒரு திரவ வழிதான் உண்டு. எங்கேயாவது ஒரு குழாய் உடைந்தால் நான்கு சில்லிலும் பிறேக் இல்லை. இரட்டை வழி சிலிண்டரில் முன்னும் பின்னும் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றது காரை நிறுத்தும்.

மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, சஸிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றுவதே பெரிய பாடு. அதனால் பலர் எஞ்சின் அறைச் சுவரில் புதிதாக ஒன்றைப் பொருத்துகிறார்கள். அப்படிச் செய்யும்போது உள்விட்டத்தைக் கவனிக்க வேண்டும். பழையது 7/8 அங்குலம். 3/4 அங்குலத்துக்கு இறங்கினால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், பெடல் போகும் தூரமும் அதே அளவு கூடும். ‘பிறேக் இறுக்கமாக இருக்கிறது’ என்று பெரிய விட்டத்துக்குப் போனால் பெடல் கல்லுப்போல நிற்கும், கார் நிற்காது.

*டிஸ்க் போடுபவர்களுக்கு*

டிஸ்க் என்பது சில்லோடு சுழலும் தட்டு. கலிப்பர் என்ற கவ்வி, பாட்களால் அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். இதில் தன்னைத்தானே இறுக்கும் வித்தை கிடையாது. அதே பெடலை வைத்து டிஸ்க் மட்டும் போட்டவர் முதல் நாள் ‘முந்தியதைவிட மோசம்’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அதற்குத்தான் பூஸ்ரர். பூஸ்ரர் கால் பலத்தைப் பெருக்குமே தவிர ரயரின் பிடியைப் பெருக்காது.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன, இரண்டையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

1. ட்ரம் பிறேக்குக்கான பழைய மாஸ்ரர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறிய வால்வு இருக்கும். கால் எடுத்த பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இறாத்தல் வரை அழுத்தத்தை அது தக்கவைக்கும். ட்ரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்குப் போகும் வழியில் அது இருந்தால் பிறேக் பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும்.
2. ஆனால் மாஸ்ரர் சிலிண்டர் தரைக்குக் கீழேயே இருந்தால், அது கலிப்பரைவிடத் தாழ்வு. ஒயில் மெதுவாகத் திரும்பி வடியும், முதல் மிதிக்குப் பெடல் வெறுமையாகப் போகும். அதற்கு 2 இறாத்தல் அளவு வால்வு ஒன்று போட வேண்டும்.

இங்கிலாந்தில் மைனருக்கு மொறிஸ் மெறீனாவின் டிஸ்க்குகளைப் போடுவது வழக்கம். மெறீனாவின் முன் சஸ்பென்ஷன் மைனரிலிருந்தே வந்தது என்பதால் அது இயல்பாகப் பொருந்தும். இங்கே மெறீனா கிடைப்பது அரிது. ஜப்பான் கார் கலிப்பரைத் தகடு வெட்டிப் பற்றவைத்துப் பொருத்துவதுதான் நடக்கிறது. அந்தத் தகட்டின் தடிப்பும் போல்ற்றின் தரமும்தான் உங்கள் உயிர். பற்றவைத்த தாங்கியை நான் ஏற்கமாட்டேன். தடித்த இரும்பில் கடைந்து, தரம் பொறித்த போல்ற்றால் பூட்ட வேண்டும்.

முன் பிறேக் பலமானதும் பின் பிறேக்கைப் பாருங்கள். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின் சில்லு இலேசாகும். பின் சில்லு முதலில் பூட்டினால் கார் சுழலும். மணல் படிந்த வீதி ஓரத்தில் அது இன்னும் எளிதாக நடக்கும். முன் சில்லு பூட்டினால் கார் நேரேயாவது போகும். ஆகவே எப்போதும் முன் சில்லு முதலில் பூட்டும்படி பின் சிலிண்டரின் விட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குடாநாட்டில் நீண்ட இறக்கம் இல்லாததால் ட்ரம் சூடேறி பிடி விடும் பிரச்சினை மலைநாட்டைப்போல இங்கே இல்லை. 70 ஐத் தாண்டாத, எஞ்சின் மாற்றாத மைனருக்கு 8 அங்குல முன் ட்ரம்மும் இரட்டை வழி சிலிண்டரும் போதும் என்பேன். அந்த 8 அங்குலத் தொகுதி பழைய 948 காரிலும் பெரிய வேலையின்றிப் பொருந்தும். டிஸ்க்கின் மெய்யான நன்மை இங்கே மாரி காலத்தில் தெரியும். வெள்ளத்துக்குள் இறங்கி ஏறிய ட்ரம் காயும்வரை பிடிக்காது. டிஸ்க் தண்ணீரை உடனே உதறிவிடும்.

ஒஸ்ரின் A30 பற்றிச் சொல்வதாக இருந்தேன். அதன் முன் பிறேக் திரவத்தால் இயங்குவது. பின்னால் காரின் அடியில் ஒரே ஒரு சிலிண்டர் இருந்து, கம்பிகள் வழியாக இரண்டு பின் சில்லையும் இழுக்கும். அந்தக் கம்பி மூட்டுகள் தேய்ந்தால் பின் பிறேக் பெயருக்குத்தான். அப்படிப்பட்ட காரில் பெரிய எஞ்சின் போடுவதென்றால் பின் அச்சும் பிறேக்கும் முழுதாக மாற வேண்டும். செலவு காரின் விலையை நெருங்கும்.

1.6 மில்லிமீற்றர்

மைனரின் சில்லைத் தாங்கும் நான்கு போல்ற்றுகளின் வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பல ஜப்பான் சிறு கார்களின் அலோய் சில்லுகள் 100 மில்லிமீற்றர் வட்டம். கையில் வைத்துப் பார்த்தால் ஏறுவதுபோலவே இருக்கும். நட்டை இறுக்கினால் ஏறியும்விடும். உண்மையில் ஒவ்வொரு போல்ற்றும் 0.8 மில்லிமீற்றர் உள்ளே வளைந்து நிற்கிறது. நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டுமே சில்லைத் தொடுகிறது. சில நூறு கிலோமீற்றரில் நட் தளரும், அல்லது போல்ற் கழுத்தில் முறியும். சில்லு வாங்கும்போது அளவுகோலை எடுத்துப் பாருங்கள், கடைக்காரரின் சொல் போதாது.

டீசல் எஞ்சின்

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய கார்களில் டீசல் எஞ்சின் போட்டவை வீதியில் உண்டு. எரிபொருள் மிச்சம் என்பது சரி. இரண்டு விடயம் மட்டும். ஒன்று, டீசல் எஞ்சின் பாரம் கூடியது. முன் ஸ்பிறிங் இறங்கும், முன் பிறேக்குக்குச் சுமை ஏறும். இரண்டு, பூஸ்ரருக்குத் தேவையான உறிஞ்சல் டீசல் எஞ்சினின் காற்றுவழியில் கிடைக்காது. அந்த உறிஞ்சலை உண்டாக்கத் தனியாக வக்கும் பம் வேண்டும், பெரும்பாலும் ஒல்ரனேற்றரின் பின்னால் ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் பிறேக் ஒரே நாளில் கல்லாகும், குறையை எல்லோரும் பிறேக்கிலேயே தேடுவார்கள்.

பதிவுப் புத்தகம்

எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். இறக்குவதற்கு முன்னமே, வாங்கும் எஞ்சினின் ரசீதையும் இலக்கத்தையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் இங்கே உடைத்த காரிலிருந்து எடுத்தாலும் இது பொருந்தும். இலக்கம் ஒத்துவராத காரை விற்க முடியாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

வேலை ஒழுங்கு

1. அமுக்கச் சோதனை, ரேடியேற்றர், பிறேக் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். இங்கேயே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடலாம்.
2. கப், ஒயில், குழாய், லைனிங் முழுதாக மாற்றிச் சீராக்குங்கள். ரயரின் வயதைப் பாருங்கள். பூ இருந்தாலும் பக்கச் சுவர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.
3. இரட்டை வழி மாஸ்ரர் சிலிண்டர், முன்னுக்கு 8 அங்குல ட்ரம் அல்லது டிஸ்க். பழைய எஞ்சினோடேயே சில மாதம் ஓடிப் பாருங்கள்.
4. அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால் எஞ்சினும் கியர்பொக்ஸும். அதே மூச்சில் பின் அச்சு.

மூன்றாவது படி முடிந்ததும் செய்யும் சோதனை: கார் நிற்க, பெடலைப் பலமாக மிதித்து 30 விநாடி அப்படியே வைத்திருங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கேயோ கசிகிறது, வீதிக்கு எடுக்க வேண்டாம். இறங்காவிட்டால் ஆளில்லாத நேரான வீதியில் 30, பிறகு 50. ஒருவர் வெளியே நின்று எந்தச் சில்லு முதலில் பூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 70 இல் நல்ல ரயரும் நல்ல பிறேக்கும் உள்ள கார், கால் பட்ட இடத்திலிருந்து சுமார் 28 மீற்றரில் நிற்கும். நடுத்தரமானதற்கு 38 மீற்றர் வேண்டும். அந்த 10 மீற்றர் என்பது சைக்கிளில் குறுக்கே வரும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் காருக்கும் இடையில் உள்ள தூரம்.

கழற்றிய பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் முதலில் எழுதிய இலக்கம் அதில்தான் இருக்கிறது, நாளைக்குக் காரை மூல நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர் அதைத்தான் தேடுவார். நான்கு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டுப் பிளக்கைப் பூட்டி, காபரேற்றர் வாயைத் துணியால் அடைத்து, நிலத்தில் படாமல் இரண்டு பனங்கட்டைமேல் ஏற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்ராட்டிங் கைபிடியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பிஸ்ரன் பிடிக்காது.